ரென்சலேர் வீட்டுக் கடிதக் கட்டு

நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனி. அங்குள்ள மாநில நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் ஒரு டச்சுக் குடும்பத்தின் தாள்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடிதங்கள், கணக்குப் பேரேடுகள், குத்தகைப் பத்திரங்கள், நில அளவைப் படங்கள். வான் ரென்சலேர் குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் குடியேறிய நாள் முதல் சேர்த்து வைத்தவை அவை. மிகப் பழைய கடிதங்கள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல தாள்களின் ஓரம் கருகியிருக்கிறது. வெள்ளம், போர், ஆட்சி மாற்றம், குடியானவர் கிளர்ச்சி, கடைசியாக ஒரு பெருந்தீ என்று எல்லாவற்றையும் தாண்டி அவை இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அப்படி வந்து சேர யார் யார் கை கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

தொடக்கம் ஆம்ஸ்டர்டாமில். கிலியான் வான் ரென்சலேர் அந்த நகரத்து நகை வணிகர். வைரமும் முத்தும் விற்றவர். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். வட அமெரிக்காவில் ஆட்களைக் குடியேற்ற முன்வருகிறவருக்குப் பெரும் நிலப்பரப்பைப் பரம்பரை உரிமையாகத் தருவதாகக் கம்பெனி 1629இல் அறிவித்தது. அந்த உரிமையாளருக்குப் 'பட்ரூன்' என்று பெயர். கிலியான் 1630 முதல் தம் முகவர்கள் வழியாக மொஹிக்கன் மக்களிடம் நிலம் வாங்கத் தொடங்கினார். ஹட்சனின் இரு கரையிலும் மைல் கணக்கில் விரிந்த அந்தப் பண்ணை நாட்டுக்கு ரென்சலேர்ஸ்வைக் என்று பெயர் வைத்தார்.

அந்த மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. பசு எத்தனை ஈன்றது, கோதுமை எவ்வளவு விளைந்தது, எந்தப் பண்ணையாள் கள்ளத்தனமாகத் தோல் விற்கிறான் என்பதையெல்லாம் கடிதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, கடிதத்திலேயே கட்டளையிட்டு, 1643இல் இறக்கும்வரை கடிதத்தாலேயே ஆண்டார். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து ஏட்டில் பதிந்து வைத்தார். அந்த நகலேடு நெதர்லாந்திலேயே தங்கி, குடும்பத்தின் இன்னொரு கிளையான பௌவியர் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது. ஆல்பனியில் அது ஆங்கிலத்தில் அச்சானது 1908இல். எழுதியவர் காணாத ஊருக்கு அவருடைய எழுத்து வந்து சேர இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கடல் கடந்து வந்தவர்கள் அவருடைய பிள்ளைகள். முதலில் 1651இல் யான் பாப்டிஸ்ட் வந்தார். அடுத்து அவருடைய தம்பி யெரெமியாஸ். யெரெமியாஸ் முதன்முறை வந்தது 1654இல், இருபத்திரண்டாம் வயதில். அண்ணன் ஊர் திரும்பிய பிறகு 1658இல் ரென்சலேர்ஸ்வைக்கின் நிர்வாகம் இவர் பொறுப்புக்கு வந்தது. நம் கட்டு பிறந்தது இவர் மேசையில்தான்.

அன்றைக்குக் கடிதம் போடுவது எளிதாக இருக்கவில்லை. குளிர்காலத்தில் ஹட்சன் உறைந்துவிடும், படகு ஓடாது. பனி உருகிய பிறகு கடிதம் ஆற்று வழியே மன்ஹாட்டன் போய், அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, அட்லாண்டிக்கைக் கடந்து ஆம்ஸ்டர்டாம் சேரும். பதில் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அடுத்த ஆண்டு பிறந்துவிடும். கப்பல் மூழ்கலாம், கடற்கொள்ளையர் பிடிக்கலாம். அதனால் வணிகர் வீடுகளில் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒரு நகலைத் தம்மிடமே வைத்துக்கொள்வார்கள். யெரெமியாஸ் தம் தாய்க்கு எழுதியவற்றை இன்று ஆல்பனியிலேயே படிக்க முடிவது இந்த வழக்கத்தால்தான். போன கடிதம் போய்விட்டது; வீட்டில் வைத்த நகல் நின்றது.

தாய் அன்னா வான் வேலி ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். மகன் அவருக்கு எழுதிய கடிதங்களில் கணக்கும் பாசமும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. நல்ல பீவர் தோல் ஒன்றுக்கு எட்டு கில்டர் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அந்தத் தோலே பணமாகப் புழங்கியது. இத்தனை தோல் அனுப்பியிருக்கிறேன், இன்ன சரக்கு அனுப்புங்கள் என்று தொடங்கும் கடிதம் உறவினர் நலம் விசாரிப்பதில் முடியும். தாய்க்கு மகனைப் பற்றிய கவலை. மகனுக்கோ, தாம் உழைப்பது தாய் கண்ணில் படவில்லையே என்ற ஆதங்கம். அந்த ஆதங்கம் தீர ஒரு வார்த்தை வேண்டுமென்றால் ஒரு கப்பல் போய்த் திரும்ப வேண்டும்.

1662 ஜூலையில் யெரெமியாஸ் மரியா வான் கோர்ட்லாந்தை மணந்தார். அவர் நியூ ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பெண். பீர் ஆலையும் வணிகமும் நடத்திய ஒலோஃப் ஸ்டெவன்சன் வான் கோர்ட்லாந்தின் மகள். பதினேழு வயது நிறையச் சில நாள் இருந்தது. திருமணத்தைத் தாயிடம் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் பெற வழியில்லாத தூரம். முடிந்த பிறகே கடிதம் போனது; மருமகளைத் தாய் அறிந்தது காகிதத்தின் வழியாகத்தான். அடுத்த ஆண்டு முதல் பேரன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: கிலியான். மகப்பேற்றுக்குப் பின் மரியாவின் காலில் வந்த நோய் வாழ்நாள் முழுதும் விடவில்லை, ஊன்றுகோலோடுதான் நடந்தார். அந்தச் செய்தியும் பீவர் தோல் கணக்குகளுக்கு இடையிலேயே பயணம் போனது.

இந்தக் கடிதங்களில் இன்னொரு பெயரும் இருக்கிறது: ஆந்திரீஸ். அவர் அடிமையாக வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர், குதிரைகளைப் பராமரித்தவர். நெதர்லாந்து திரும்பிவிட்ட யான் பாப்டிஸ்ட், ஆந்திரீஸைத் தம்மிடம் அனுப்பும்படி தம்பிக்கு எழுதினார். ஆந்திரீஸ் குதிரைகளை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்றும், அடிமை முறை இல்லாத நாட்டில் அவர் அண்ணனுக்கு அடங்கிப் பணிபுரிய மாட்டார் என்றும் யெரெமியாஸ் பதில் எழுதினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் இது வீட்டு விவகாரம். ஆனால் ஆந்திரீஸ் என்று ஒரு மனிதர் வாழ்ந்தார், அவருக்கு ஒரு தொழில் திறம் இருந்தது, சுதந்திரக் காற்று பட்டால் நிமிர்ந்து நிற்பார் என்று அவருடைய உடைமையாளர்களே அறிந்திருந்தார்கள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்தச் சில வரிகளால். அவர் கையால் எழுதிய ஒரு தாள்கூட அந்தப் பெட்டிகளில் இல்லை. அவரைப் பற்றி எஜமானர்கள் எழுதியதிலிருந்துதான் அவரை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

1664இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன. நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆனது. ரென்சலேர்ஸ்வைக்கின் நடுவே இருந்த பெவர்வைக் ஊர் ஆல்பனி ஆனது. ஒரே இரவில் டச்சுக் கம்பெனி கொடுத்த உரிமை கேள்விக்குள்ளானது. புதிய அரசுக்கு நிலம் தம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை குடும்பத்துக்கு. அன்றிலிருந்து இந்தத் தாள்களின் மதிப்பு மாறியது. அதுவரை அவை கணக்கு, இனிமேல் சாட்சி.

1666இல் ஹட்சன் பெருக்கெடுத்து யெரெமியாஸின் வீட்டைக் கொண்டுபோனது. வீடு போயிற்று. ஆனால் அதற்கு முந்தைய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. வெள்ளத்துக்கு முன்போ, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதோ, யாரோ ஒருவர் அந்தக் கட்டுகளை மேட்டுக்குக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும்.

1674 அக்டோபரில் யெரெமியாஸ் இறந்தார். மரியாவுக்கு வயது 29. ஆறு குழந்தைகள், நோயுற்ற கால், எல்லைத் தகராறுகள், ஆம்ஸ்டர்டாமில் கணக்குக் கேட்கும் மைத்துனர்கள். தம் சகோதரர் ஸ்டெபானஸ் வான் கோர்ட்லாந்தின் துணையோடு பண்ணை நாட்டை மரியாவே நடத்தினார். குத்தகை வசூலித்தார், கோதுமை விற்றார், ஆலைகளைப் பழுது பார்த்தார். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

சொத்துக்கு இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. மைத்துனர்களில் ஒருவரான பாதிரியார் நிக்கோலஸ் 1678இல் இறந்தார். அவருடைய மனைவி அலிடா ஸ்கைலர் அடுத்த ஆண்டே ராபர்ட் லிவிங்ஸ்டன் என்னும் திறமைசாலியை மணந்தார். லிவிங்ஸ்டன் மனைவியின் முதல் கணவர் வழியாகப் பங்கு கேட்டார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. மரியாவின் கடிதங்களில் பெரும்பகுதி இந்தப் போராட்டத்தின் பதிவு. நெதர்லாந்தில் இருந்த மைத்துனர் ரிச்சர்டுக்கு அவர் கணக்கு ஒப்பிக்கிறார், வாதாடுகிறார், சலித்துக்கொள்கிறார், மறுபடியும் கணக்கு ஒப்பிக்கிறார். பண்ணையின் உரிமை எல்லோருக்கும் பொது. உழைப்பு ஒருவர் தலையில். அந்த அநீதியை அவர் நன்றாகவே உணர்ந்திருந்தார்.

அந்தக் கடிதங்களுக்கு நடுவே பிள்ளைகளும் வளர்கிறார்கள். மூத்தவன் கிலியான் பாஸ்டன் நகரில் ஜெரமையா டம்மர் என்னும் வெள்ளி வேலைக் கலைஞரிடம் தொழில் கற்கப் போனான். தாத்தா வைரம் விற்றவர். பேரன் வெள்ளி தட்டக் கற்றுக்கொண்டான். பட்ரூன் வீட்டுப் பிள்ளை என்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று நினைத்த தாயின் முன்யோசனை அதில் தெரிகிறது.

1685இல் ஆங்கிலேய ஆளுநர் டோங்கன் ரென்சலேர்ஸ்வைக்கைக் குடும்பத்தின் பரம்பரை நிலமாக ஏற்றுப் பட்டயம் வழங்கினார். பட்டயத்தில் பெயர் இருந்தது மரியாவின் மகன் கிலியானுக்கும், அதே பெயர் கொண்ட அவனுடைய பெரியப்பா மகனுக்கும். பதினொரு ஆண்டு அந்த நிலத்தைக் கைநழுவாமல் பிடித்து வைத்திருந்தவர் பெயர் அதில் இல்லை. மரியா 1689 ஜனவரியில், 43 வயதில் இறந்தார். அவர் செய்த வேலைக்குச் சாட்சி அவருடைய கடிதங்களே.

அதன் பிறகு கட்டு நீண்ட காலம் அலுவலக அலமாரியில் உறங்கியது. 1760களில் ஆல்பனியின் வட எல்லையில் பெரிய மாளிகை எழுந்தது. அந்தக் குடும்பத்தின் ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீண்டது. அமெரிக்கா குடியரசான பிறகும் இங்கே 3,000க்கும் மேற்பட்ட குத்தகைக் குடும்பங்கள் பட்ரூனுக்கு ஆண்டு வாரம் அளந்தன: நூறு ஏக்கருக்கு இத்தனை புஷல் கோதுமை, நான்கு கொழுத்த கோழி, வண்டியோடு மாடோ குதிரையோ பூட்டி ஒரு நாள் வேலை.

கடைசிப் பட்ரூன் எனப்படும் மூன்றாம் ஸ்டீபன் 1839இல் இறந்ததும் வாரிசுகள் பழைய பாக்கி முழுவதையும் வசூலிக்கக் கிளம்பினர். குடியானவர்கள் எழுந்தனர். தகரக் கொம்பு ஊதி ஊரைக் கூட்டினர். சீட்டித் துணி அங்கியும் முகமூடியும் அணிந்து வந்து அதிகாரிகளை மறித்தனர். 1844இல் கொலம்பியா மாவட்டத்தில் ஷெரீஃப் கையிலிருந்த ஜப்தித் தாள்களைப் பிடுங்கி நெருப்பிலிட்டனர். அவர்கள் நெருப்பில் நியாயம் இருந்தது. தங்கள் பாட்டன் முப்பாட்டன் காடு திருத்திய மண்ணைத் தங்களுக்கு இல்லை என்று சொன்னவை அந்தக் காகிதங்கள்தாம். 1846இல் நியூயார்க்கின் புதிய அரசியல் சட்டம் இனி விவசாய நிலத்துக்கு நீண்ட காலக் குத்தகை எழுதுவதைத் தடை செய்தது. நிலம் மெல்ல மெல்ல உழுதவர்களுக்கு விற்கப்பட்டது.

இத்துடன் கட்டின் பயன் தீர்ந்தது. நிரூபிக்க நிலமில்லை, வசூலிக்க வாரமில்லை. இருப்புப் பாதைகளும் ஆலைகளும் சூழ்ந்துவிட்ட மாளிகையை 1893இல் பிரித்தெடுத்தார்கள். பயனற்ற பழந்தாள் என்று அடுப்புக்குப் போக எல்லா வாய்ப்பும் இருந்த காலம் அது. வாரிசுகள் அப்படிச் செய்யவில்லை. தாள்கள் மாநில நூலகத்தின் பொறுப்புக்கு வந்தன. நான் இந்தக் குடும்பத்துக்கு மனமார நன்றி சொல்ல நினைப்பது இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

பாதுகாப்பான இடம் என்று நம்பி வைத்த இடத்திலேயே தீ காத்திருந்தது. நூலகம் அப்போது ஆல்பனியின் மாநில ஆட்சி மாளிகைக்குள் இருந்தது. எதிரே புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இடம் மாற அதிக காலம் இல்லை. 1911 மார்ச் 29 அதிகாலையில் மாளிகையின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தது. சுமார் 450,000 நூல்களும் 270,000 கையெழுத்துத் தாள்களும் சாம்பலாயின. இரவுக் காவலர் சாமுவேல் அபட் உயிரிழந்தார்.

நூலகத்தின் ஆவணக் காப்பாளர் ஆர்னால்ட் வான் லார். நெதர்லாந்தில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கா வந்தவர். அவரும் ஒரு டச்சுக் குடியேறிதான். கிலியானின் நகலேட்டை மொழிபெயர்த்து 1908இல் வெளியிட்டவர் அவரே. டச்சு ஆட்சிக்காலத்து அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கத் தொடங்கி, செய்து வைத்திருந்த வேலையை அந்த ஒரே இரவில் தீயில் இழந்தார். ஆனால் டச்சு ஆவணங்களில் பெரும்பாலானவை தப்பின. யாரும் அவ்வளவாகக் கேட்காத தாள்கள் என்று அவற்றைக் கீழ்த் தட்டுகளில் வைத்திருந்தார்கள். மேல் தட்டுகளிலிருந்த ஆங்கிலேயர் காலத் தாள்கள் எரிந்து அவற்றின்மேல் சரிந்து மூடிக்கொண்டன. ரென்சலேர் கட்டுகளும் கருகியும் தண்ணீரில் ஊறியும் மீட்கப்பட்டன.

கருகிய தாளைத் தொட்டால் உதிரும். இரும்பு மை ஈரம் பட்டுக் கசிந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தோ, டச்சுக்காரரே பயிற்சியில்லாமல் படிக்க முடியாத சுழி எழுத்து. வான் லார் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். எஞ்சியதைப் படித்தார், பெயர்த்தெழுதினார், மொழிபெயர்த்தார். யெரெமியாஸின் கடிதத் தொகுதி 1932இலும் மரியாவின் கடிதத் தொகுதி 1935இலும் அச்சில் வந்தன. தீக்கும் அச்சுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல். 1974இல் சார்லஸ் கெரிங் என்னும் அறிஞர் எஞ்சிய டச்சு அரசு ஆவணங்களின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். அந்தப் பணி பல தொகுதிகளாக வளர்ந்தது.

குடும்பத்தின் மற்ற நினைவுப் பொருட்கள் வேறு வேறு திசைக்குப் போயின. 1656இல் பெவர்வைக் தேவாலயத்துக்காக எவர்ட் டைக்கிங்க் செய்த, யான் பாப்டிஸ்டின் குலச்சின்னம் தீட்டிய கண்ணாடிச் சாளரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளிகைக் கூடத்துக்கென்று 1768இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஓவியச் சுவர்த்தாளும் அங்கேதான். அவை அழகானவை, பார்க்க மக்கள் கூடுகிறார்கள். ஆனால் அந்தச் சாளரம் மரியாவின் கால் வலியைச் சொல்லாது. அந்தச் சுவர்த்தாள் ஆந்திரீஸின் பெயரைச் சொல்லாது. அதற்குக் கருகிய கடிதம்தான் வேண்டும்.

இந்தக் கட்டு எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தை விற்ற மொஹிக்கன் மக்கள் பத்திரங்களில் பெயர்களாக மட்டும் நிற்கிறார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பல முறை இடம்பெயர்க்கப்பட்டு, இன்று ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சீ சமூகமாக விஸ்கான்சினில் வாழ்கிறார்கள். தம் மூதாதையர் மண்ணைப் பற்றி அறிய அவர்களும், தம்மை வெளியேற்றியவர்கள் சேர்த்து வைத்த தாள்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனாலேயே இந்தத் தாள்கள் ஒரு குடும்பத்தின் சொத்து என்ற நிலையைக் கடந்துவிட்டன.

இவற்றை முதலில் காத்தது சொத்தாசை. அடுத்துக் காத்தது வழக்கு. அதன்பின் காத்தது அலமாரியின் கீழ்த்தட்டு. கடைசியில்தான் அறிவோடும் அன்போடும் ஒருவர் கை வந்தது. குடியேறிகளின் குடும்பத் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிழைக்கின்றன. பிழைக்காமல் போனவை எத்தனையோ. பெயர்ந்து போன ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, எதைக் கொடுத்து எதை வாங்கியது, யாரை வேலை வாங்கியது, யாருக்காக ஏங்கியது என்பது பெருமை பேசும் குடும்ப வரலாற்று நூலில் முழுதாக இராது. அது கணக்கு நோட்டிலும், அவசரமாக எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தியிலும் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் கடல் கடந்து போனவர்கள் எழுதிய கடிதங்களோ, பழைய வரவு செலவு ஏடுகளோ இருக்கலாம். வீடு மாறும்போது முதலில் கழிவது அவைதான். கழிப்பதற்கு முன் படியுங்கள். தேதியும் பெயரும் குறித்து வையுங்கள், ஒரு நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் இப்போது இல்லாவிட்டாலும், பின்னால் வருவார்.